ஏழெட்டு வீடு, ஒரே பூச்சுச் செட்டு

காரைக்குடியில், பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆபீஸ் பொறுப்பு முழுவதும் என்னுடையது. ஆட்கள் குறைவு, வீடுகள் அதிகம். இப்போது கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், தேவகோட்டை என்று ஏழெட்டு இடங்களில் ஒரே சமயத்தில் வேலை ஓடுகிறது. ஒன்றில் முழு வீடும் எங்கள் கையில். இன்னொன்றில் வளவுக் கூரை (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தின் கூரை) மட்டும். வேறொன்றில் இரண்டாங்கட்டை, அதாவது வளவுக்குப் பின்னால் வரும் அடுத்த பகுதியை, மட்டும் சரிபண்ணி, தங்கும் விடுதியாக மாற்றித் தர வேண்டும். இத்தனையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று தேடி, பலதைப் பழகிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் நிலைத்திருக்கிறோம். அச்சகம் வைத்திருக்கும் தோழி முதல் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவர் வரை பல பேர் "எது நல்லது?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் இருக்கிற ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஒரு ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் இந்த வசதி இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று டிக் போடுகின்றன. எங்கள் சிக்கல் எந்த ஒரு வீட்டுக்குள்ளும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி எக்ஸெல் ஷீட் இருந்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால்தான், சுவர் பூசுகிற ஒரே செட்டு, அதாவது ஒரே ஆள் குழு, ஒரே வாரத்தில் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் நிற்பது தெரியும். ஏழு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பூச்சுச் செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சலவைக்கல் போல வழுவழு என்று குளிர்ந்திருக்கும். ஊறவைத்த சுண்ணாம்பு, நயமான மணல், கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவது. ஒரு பூச்சு இறுகினால்தான் அடுத்தது. கடைசிப் பூச்சை ஈரம் முழுதும் போவதற்குள் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஆரம்பித்த சுவரைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போக முடியாது. விட்டால் ஒட்டுப் போட்ட இடம் தெரியும், நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். இந்த வேலை கைவந்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே குறைவு. ஆகவே ஏழு வீட்டின் தேதியையும் உண்மையில் தீர்மானிப்பது அந்த ஒரு செட்டுதான். சிமென்ட் தட்டுப்பாடோ, பணமோ, மழையோ எல்லாம் அதற்கு அப்புறம்.

இதனால் சாஃப்ட்வேரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி: "எல்லா வீட்டிலும் சேர்த்து, இந்தச் செட்டுக்கு இந்த மாதம் என்ன வேலை இருக்கிறது என்று ஒரே திரையில் காட்டுவாயா?" ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் அழகாகப் படம் வரைகிற சாஃப்ட்வேர்கள் ஏராளம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவை குறைவு. சொல்பவற்றிலும் அந்த வசதி மேல் விலைத் திட்டத்தில்தான் இருக்கும். ஆசானா என்ற சாஃப்ட்வேரில் பல ப்ராஜெக்ட்டைச் சேர்த்துப் பார்க்கும் போர்ட்ஃபோலியோவும், ஆள் பளுவைக் காட்டும் வொர்க்லோடும் அப்படித்தான். விலைப்பட்டியலைப் படிக்கும்போது "டாஸ்க், போர்டு, காலண்டர்" என்ற முதல் வரிகளைத் தாண்டி இந்த ஒரு வரி எந்தத் திட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கப்போகிற உண்மையான விலை.

பார்சார்ட் மாதிரி வரிசையாகப் பட்டை போட்டுக் காட்டும் கான்ட் சார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற முறை. அதற்கு மேல், எந்த வேலை தள்ளிப்போனால் மொத்த வேலையும் தள்ளிப்போகும் என்று கணக்குப் போடும் கிரிட்டிக்கல் பாத் முறையை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிக்காரர்களும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். இன்றைக்கு எல்லா சாஃப்ட்வேரும் இதைப் பெருமையாகச் சொல்கிறது. நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பார்ப்பது வேலைகளின் வரிசையை. கூரை ஒழுக்கு நின்ற பிறகு பூச்சு, பூச்சுக்குப் பிறகு தரை. அந்த வரிசை சரியாக இருந்தாலும், பூசுகிறவர் வேறு ஊரில் இருந்தால் வேலை நடக்காது. வரிசையை வைத்து வருகிற தேதி வேறு, ஆளை வைத்து வருகிற தேதி வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தத் தேதியையும் வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆபீஸில் இப்போது சட்டம்.

அடுத்துப் பார்த்த சாஃப்ட்வேர் ட்ரெல்லோ. 2011இல் வந்தது, 2017இல் அட்லாசியன் கம்பெனி வாங்கியது. ஜப்பானில் டொயோட்டா ஆலையில் பிறந்த கன்பான் அட்டை முறையைத் திரைக்குக் கொண்டுவந்தது போல இருக்கும். அட்டையை விரலால் இழுத்து அடுத்த பத்தியில் போட்டால் வேலை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் மேஸ்திரிகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தது இதுதான். வழக்கமாக எல்லாரும் வீட்டுக்கு ஒரு போர்டு வைத்து, "செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது" என்று மூன்று பத்தி போடுவார்கள். நாங்கள் அப்படி வைக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்டு. பத்திகள் செட்டுப்படி: பூச்சு, மர வேலை, ஓடு, தரைக்கல், வயரிங். அட்டைகளில் வீட்டுக்கு ஒரு நிற லேபிள். இப்போது பூச்சுப் பத்தியைப் பார்த்தால் அந்தச் செட்டின் முன்னால் எத்தனை வீடு வரிசையில் நிற்கிறது என்று மேலிருந்து கீழாகத் தெரிந்துவிடும். காசு செலவழிக்க மனமில்லாத சின்ன ஆபீஸுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். நாலைந்து வேலை, இரண்டு மூன்று செட்டு என்றால் இது போதும். மேலே தேடவே வேண்டாம்.

எங்களுக்குப் போதாமல் போனதற்குக் காரணம் காத்திருப்பு. செட்டிநாட்டு வீட்டு வேலையில் பாதி காத்திருப்புதான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கி எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துவார்கள். கல்லைச் சூளையில் சுடுவதில்லை. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து எடுக்கும்போது கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்திருக்கும். ஒவ்வொரு கல்லும் ஒரு ஆளின் கை. பழைய தரையில் உடைந்துபோன கல்லுக்கு ஈடாக அதே பூவும் அதே நிறமும் வேண்டுமென்றால், முதலில் அச்சு வெட்ட வேண்டும், நிறம் ஒத்துப்போகிறதா என்று மாதிரிக் கல் போட்டுப் பார்க்க வேண்டும். "கல் ஆர்டர் கொடுத்தாயிற்று" என்ற அட்டைக்கும் "கல் பதிக்கலாம்" என்ற அட்டைக்கும் நடுவில், யாரும் எதுவும் செய்யாத, ஆனால் கட்டாயம் கடந்தாக வேண்டிய நாட்கள் இருக்கின்றன.

கான்ட் சார்ட் உள்ள சாஃப்ட்வேர்களில் இதற்கு லேக் என்று ஓர் இடம் உண்டு. முன் வேலை முடிந்து இத்தனை நாள் கழித்துத்தான் பின் வேலை தொடங்கலாம் என்று எண்ணைப் போட்டுவிடலாம். பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில், கல் ஆர்டருக்கும் பதிப்புக்கும் நடுவில், ஊறவைத்த சுண்ணாம்புக்கும் முதல் கலவைக்கும் நடுவில் எல்லாம் நாங்கள் லேக் போட்டிருக்கிறோம். இந்த ஒரு எண், "ஏன் வேலை நிக்கிது?" என்று கேட்கிற எத்தனையோ போன் கால்களைக் குறைத்திருக்கிறது. நிற்கவில்லை ஐயா, காய்கிறது என்று படத்தைக் காட்டிவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டைத்தான் எங்கள் இன்ஜினியர் முதலில் கேட்டார், காலேஜில் படித்தது. 1984இல் டாஸ் காலத்திலேயே வந்தது. இந்தத் துறையில் அதன் வலு தனி. ரிசோர்ஸ் பூல் என்று ஒன்றை வைத்து, பல ப்ராஜெக்ட் ஃபைல்கள் ஒரே ஆட்களைப் பகிர்ந்துகொள்ள வைக்கலாம். இரண்டு இடத்தில் ஒரே ஆள் விழுந்தால் லெவலிங் கொடுத்துத் தானாகத் தேதியைத் தள்ளிவைக்கவும் சொல்லலாம். ஆனால் லெவலிங் அமைப்பில், மிச்ச வேலையைத் துண்டு போட்டுப் பிரிக்கலாமா என்று ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிடாவிட்டால், மெருகேற்றுகிற வேலையை இன்று இரண்டு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள் என்று பிரித்துவிட வாய்ப்பு இருக்கிறது. பூச்சு அதற்கு இடம் கொடுக்காது. பெரிய கட்டுமானக் கம்பெனியில், திட்டமிடுவதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். லைசென்ஸ் விலை தாங்காது என்றால் ப்ராஜெக்ட்லிப்ரே என்று ஓப்பன் சோர்ஸில் ஒன்று இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் ஃபைலையே திறக்கும். எங்களிடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சாரத்தின் மேல், கையில் போனோடு.

அங்கேதான் இரண்டாவது கேள்வி வந்தது. விவரத்தை யார் ஏற்றுவது?

எங்கள் மூத்த மேஸ்திரியை ஆபீஸுக்கு வரச்சொல்லி, மூன்று சாஃப்ட்வேரின் போன் ஆப்பையும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "ஆத்தா, எனக்கு இங்கிலீசு எழுத்து வராது. எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு. அமுக்கினா படம் புடிக்கணும், நான் பேசினா அது எழுதிக்கணும். அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த கன்சல்டன்ட்டும் சொல்லியிருக்க முடியாது. கூகுள் கீபோர்டில் தமிழில் பேசினால் தமிழில் எழுதிக்கொள்கிறது. அதை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு டாஸ்க்கைத் திறப்பது, படம் சேர்ப்பது, பேசுவது, நிலையை மாற்றுவது. இந்த நான்கும் எந்த ஆப்பில் குறைந்த தடவை அமுக்கி முடிகிறதோ அதற்குக் கூடுதல் மார்க். டாஸ்க்கின் பெயரும் நிலையின் பெயரும் தமிழில் வைக்க முடிகிறதா என்பதற்கும் மார்க். மெனு இங்கிலீஷில் இருந்தால் பழகிக்கொள்வார்கள். தங்கள் வேலையின் பெயர் "ஃபைனல் லைம் கோட்" என்று இருந்தால் தொடமாட்டார்கள்.

இப்படிப் பார்த்து நாங்கள் எடுத்தது ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ். கட்டணத் திட்டத்தில் கான்ட், லேக், எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்து ஆள் பளுவைக் காட்டும் படம் எல்லாம் இருந்தன. நிலைகளின் பெயரை நம் விருப்பப்படி தமிழில் வைத்துக்கொள்ள முடிந்தது. நம்ம ஊர்க் கம்பெனி, தென்காசிப் பக்கத்தில் மத்தளம்பாறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. ஆனால் அதற்காக எடுக்கவில்லை. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் சேர்ந்து, எங்களால் கொடுக்க முடிந்த விலையில் பதில் சொன்னது என்பதற்காகவே எடுத்தோம். உங்கள் ஆபீஸுக்கு வேறு விடை வரலாம்.

விலையைப் பற்றி ஒரு விவரம். இந்த மாதிரி சாஃப்ட்வேர் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. தினக்கூலி ஆட்கள் எல்லாருக்கும் லாகின் கொடுத்தால் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. நாங்கள் ஆள் பெயரில் லாகின் வாங்கவில்லை. செட்டுக்கு ஒன்று, அதன் தலைவர் கையில். பூச்சுச் செட்டு மொத்தமும் சாஃப்ட்வேரின் கண்ணுக்கு ஒரே ஆள். எங்கள் சிக்கலுக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தச் செட்டு பிரிந்து வேலை செய்வதே இல்லை.

நிலைகளில் நாங்கள் சேர்த்த ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். "பதில் பாக்கி."

இங்கே ஒரு வீடு என்பது பெரும்பாலும் ஒருவருடையது இல்லை. தாத்தா கட்டியது, பேரன்மார் பல புள்ளிகளாக, அதாவது தனித்தனிக் குடும்பங்களாக, பிரிந்து, ஒருவர் சென்னையில், ஒருவர் பினாங்கில், ஒருவர் சிங்கப்பூரில். உள்வீடு யாருடையது என்பது பங்குப்படி தெளிவாக இருக்கும். வளவும் முகப்பும் கூரையும் எல்லாருக்கும் பொது. வளவுத் தூணில் ஒரு தேக்கு உளுத்திருக்கிறது, பழைய பர்மாத் தேக்குத் தேடிப் போடுவதா, புது மரம் போடுவதா என்று கேட்டால், எல்லாப் பங்காளியும் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை ஆசாரி என்ன செய்வார்? அந்த வேலை "நடப்பது" என்ற பத்தியிலும் இல்லை, "செய்ய வேண்டியது" பத்தியிலும் இல்லை. எங்கள் கையில் இல்லாத வேலை அது. அதை "பதில் பாக்கி"க்கு மாற்றி, யாரிடமிருந்து பதில் வர வேண்டும், எந்தத் தேதியிலிருந்து பாக்கி என்று எழுதிவைக்கிறோம். திங்கட்கிழமை காலையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு நிலையை மட்டும் வடிகட்டி எடுப்பேன். பினாங்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அந்தப் பக்கத்துக் கால்கள் முதலில்.

ஒரு பினாங்கு ஆச்சி இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடிக்கையாளர் லாகின் கொடுத்திருந்தேன். "எனக்கு அந்தப் பட்டையெல்லாம் வேணாம்த்தா. என் பேருல என்ன பாக்கி இருக்கு, அத மட்டும் வாட்ஸ்அப்புல அனுப்பு, அன்னைக்கே சொல்லிப்புடுறேன்" என்றார்கள். அனுப்பினேன், அன்றைக்கே சொன்னார்கள். வீட்டுக்காரர்களை சாஃப்ட்வேருக்குள் இழுக்க வேண்டும் என்ற ஆசையை அதோடு விட்டுவிட்டோம். பதில் அவர்களுக்கு வசதியான வழியில் வரட்டும், நாங்கள் அதை டாஸ்க்கில் ஏற்றிக்கொள்கிறோம். பங்காளிகளுக்குள் ஒருவர் கேட்கும் விலை விவரம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்ற நிலைமையும் சில வீடுகளில் உண்டு. யாருக்கு எதைக் காட்டுவது என்று பிரித்து வைக்க முடியாத சாஃப்ட்வேரை இந்த ஊரில் எடுக்காதீர்கள்.

காலண்டரையும் வாங்கிய அன்றே திருத்துங்கள். பல சாஃப்ட்வேர்களில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை நாள் என்று வைத்திருக்கும். எங்களுக்குச் சனிக்கிழமை வேலையும் உண்டு, சம்பளமும் அன்றுதான். பொங்கலுக்கு அரசாங்க விடுமுறையை மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆசாரியும் உளியைத் தொடமாட்டார். நாட்டரசன்கோட்டை வேலை என்றால் செவ்வாய்ப் பொங்கலையும் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடு பிரிக்கிற வேலையை நாங்கள் போடுவதே இல்லை. அந்த இரண்டு மாதத்தையும் கூரைச் செட்டின் காலண்டரில் மூடிவைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் பக்கமும் தேதிகள் உண்டு: அறுபதாம் கல்யாணம், பங்காளிகள் கூடுகிற படைப்பு. இவை நகராத தேதிகள். இவற்றை மைல்கல்லாக முதலில் நட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித்தான் மற்ற வேலைகளை அடுக்குகிறோம்.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பாரம்பரிய விடுதிகள், படப்பிடிப்புகள் என்று பூட்டிக்கிடந்த வீடுகள் சில திறக்கின்றன. எனக்கு இதில் இருக்கிற அக்கறை வெறும் ஆபீஸ் அக்கறை இல்லை. கூரை ஒரு மழைக்காலம் கூடுதலாகத் திறந்து கிடந்தால் கீழே இருக்கிற சுண்ணாம்புச் சுவர் ஊறிப்போகும், உத்தரம் உளுக்கும். அப்புறம் இடித்துத் தேக்கைத் தூக்கி விற்பதுதான் மலிவு என்று ஒரு பங்காளி சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தேதி தவறுவதால் ஒரு வீடு போய்விடக்கூடும் என்பதனால்தான் இதில் இவ்வளவு மெனக்கெட்டோம்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஒரு ப்ராஜெக்ட்டை முழுதாக சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுத்து, எக்ஸெலில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா, படங்கள் தனியாக இறங்குகிறதா, கருத்துகள் கூடவே வருகின்றனவா? நாங்கள் பழகிப் பார்த்தவற்றில் ஒன்றில் டாஸ்க் பெயர்கள் வந்தன, மேஸ்திரி பேசி ஏற்றிய குறிப்புகள் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குறிப்புகளில்தான் எந்தச் சுவரில் எந்த விகிதத்தில் கலவை போட்டோம் என்பது இருக்கிறது. பத்து வருஷம் கழித்து அதே சுவரைத் தொடுகிறவருக்கு அது வேண்டும்.

பணக் கணக்கை மட்டும் நாங்கள் இதற்குள் கொண்டுவரவில்லை. அது டாலியிலேயே இருக்கிறது, எங்கள் கணக்கர் கையில். இரண்டையும் இணைக்க வழி இருக்கிறது என்கிறார்கள். வரவு செலவு முடித்துப் பங்குனிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.